பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் வரும் போன்

கால்நடை மருத்துவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து காணும் பொங்கலை நான் வீட்டில் கொண்டாடியதில்லை. விடியும் முன்பே போன் வந்துவிடும். "டாக்டருங்க, நேத்து துள்ளிக்கிட்டிருந்த மாடு இன்னிக்கு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க." இந்தத் தையில் மட்டும் அப்படி மூன்று, எல்லாம் முந்தின நாள் மாட்டுக்கு அளவு மீறி ஊட்டிய பொங்கலால். அதில் ஒன்று பிழைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

செத்த மாட்டின் பெயர் சிவப்பி. நான் போனபோது கண் குழிந்து, காது சில்லிட்டு, புளித்த வாடையோடு தண்ணியாகக் கழிந்தபடி படுத்திருந்தது. குடும்பமே சுற்றி நின்று அழுதது. சென்னையிலிருந்து வந்திருந்த பேரன், தான் நடை பழகியதே இதன் தாயின் கயிற்றைப் பிடித்துத்தான் என்றான். அப்புச்சி (தாத்தா) இறந்துபோன அன்று சிவப்பியின் பாட்டி சோளத்தட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை என்று அம்மாயி சொன்னார். மூன்று தலைமுறை மாட்டுக் கதையும் கட்டுத்தறியிலேயே ஓடியது. ஊசி போட்டுக்கொண்டே கேட்டேன்: "எத்தனை பேர் பொங்கல் ஊட்டுனீங்க?" விரல் விட்டு எண்ணினார்கள். பதினாலு பேர். ஆளுக்கொரு இலை.

"சோறுதானுங்க டாக்டர், வெசத்தையா வெச்சோம்?"

இந்த ஒரு வரியைக் கேட்டால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். மாட்டின் வயிறு நம் வயிறு இல்லை. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்தப் பெரிய வயிறு ஒரு புளிக்கிற தொட்டி. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மாட்டுக்குச் சோறு போடுகின்றன. வைக்கோலும் சோளத்தட்டும் அங்கே மெதுவாகச் செரிக்கும். குழைய வெந்த அரிசியும் வெல்லமும் அப்படியல்ல, மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும். 6, 7 என்று இருக்க வேண்டிய பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்கும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், அசை நின்றுபோகும், உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், அமிலம் ரத்தத்தில் ஏறும். அசிடோசிஸ் என்பது இதுதான். அரிசி, கேழ்வரகு, மாவு, கல்யாண வீட்டு மிச்சச் சோறு, எது அளவு மீறினாலும் இதே கதைதான். ஆடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அந்தக் காலத்துல குடுக்கலையா?" கொடுத்தார்கள். அப்போது பட்டியில் எருது, பசு, கன்று, எருமை என்று பத்து உருப்படி நிற்கும். ஒரு பானைப் பொங்கல் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு கை வரும். இப்போது தொழுவத்தில் நிற்பது ஒரே மாடு. வருசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறவர்களின் பாசம் மொத்தமும் அதன் வாயில்தான் இறங்குகிறது. பக்கத்து வீட்டு மாடு தின்றும் நன்றாக இருக்கிறதே என்பீர்கள். அது தினமும் கொஞ்சம் கஞ்சி, தவிடு என்று தின்று பழகிய வயிறு.

இன்னொன்று, உப்புசம் என்று நினைத்து நல்லெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி வாயில் கவிழ்ப்பது. தயவுசெய்து வேண்டாம். உப்புசத்தில் இடது விலா மத்தளமாக இருக்கும். அசிடோசிஸில் வயிற்றை அசைத்தால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். எண்ணெய் அமிலத்தை ஒன்றும் செய்யாது. நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அப்புறம் நான் இரண்டு நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

அதிகம் தின்றுவிட்டது என்று தெரிந்த நிமிடமே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரம் மாடு நன்றாகத்தான் நிற்கும்; அந்த நேரம்தான் எங்களுக்கு வேண்டும். விழுந்த பிறகு பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றியும், சில சமயம் வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுத்தும் பார்க்கிறோம். எல்லாம் கைகூடுவதில்லை. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. சமையல் சோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். அதுவரை வைக்கோலைத் தவிர வேறெதையும் காட்டாதீர்கள்.

அடுத்த தைக்குச் சாமி கும்பிட்டதும் ஒரே ஒருவர், ஒரு கைப்பிடி ஊட்டட்டும். மற்றவர்கள் கரும்புத் தோகையோ பச்சைத் தட்டோ கொடுங்கள், கழுத்தைச் சொறிந்துவிடுங்கள். மாட்டுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். மீந்த பானையைத் தொழுவத்துப் பக்கம் வைக்காதீர்கள். ராத்திரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பானையைக் காலி செய்த மாட்டையும் பார்த்திருக்கிறேன். யார் ஊட்டினார்கள் என்று வீட்டில் ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்து கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.