"பொலிஸில் சொன்னது கோர்ட்டில் செல்லாது" என்று யார் சொன்னது?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன காட்சி இது. முறைப்பாட்டுக்காரர் தமிழில் சாட்சி சொல்கிறார். எதிரித் தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "அன்று பொலிஸில் இப்படிச் சொல்லவில்லையே?" என்று ஒரு வரியை வாசிக்கிறார். முரண்பாடு, "வி 1" என்று குறித்துக்கொள்கிறார்கள். இன்னொரு வரி, வி 2. சாட்சிக்காரர் திகைத்து நிற்கிறார். அவர் சொன்னது ஒன்று, சிங்களத்தில் ஏறியது வேறு. கீழே உள்ள கையொப்பம் மட்டும் அவருடையதுதான்.

ஏன் விளங்காமல் ஒப்பமிட்டீர்கள் என்று கேட்டால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரே பதில்: "பொலிஸில சொல்றது கோர்ட்டில செல்லாதுதானே, சேர்?"

ஐயா, செல்லாதது ஒப்புதல் வாக்குமூலம். "நான்தான் செய்தேன்" என்று சந்தேகநபர் பொலிஸ் அதிகாரியிடம் சொன்னதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டம், 25 ஆம் பிரிவு. அதிலும் 27 ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: கத்தியை இன்ன கானுக்குள் போட்டேன் என்று சொல்லி, கத்தி அங்கே அகப்பட்டால், அந்தளவு சாட்சியமாகிவிடும். (பயங்கரவாதத் தடைச் சட்டம் தனிக் கதை.) முறைப்பாட்டுக்காரருக்கும் சாட்சிகளுக்கும் இந்தக் காப்பே கிடையாது. விசாரணையில் நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம் உங்கள் சாட்சியத்துக்குப் பலம் சேர்க்க உதவாது, உங்களை மடக்க நன்றாகவே உதவும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவைப் பாருங்கள்.

ஒரு சொல் போதும் வழக்கைக் கெடுக்க. "மச்சான் அடித்தார்" என்கிறீர்கள். நீங்கள் நினைப்பது அக்காவின் கணவரை. சிங்களப் பேச்சில் "மச்சாங்" என்றால் கூட்டாளி. எழுதுபவர் "நண்பர்" என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டு வருடம் கழித்து, அடித்தது யார் என்பதே முரண்பாடாக நிற்கும்.

சட்டத்தில் குறையில்லை. வாய்மொழி முறைப்பாட்டைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அதே சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு. அதிகாரிக்குத் தமிழ் எழுத வராவிட்டால் உங்களையே எழுதித் தரக் கேட்க வேண்டும். உங்களால் முடியாது என்றால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டலாம்.

ஆகவே எழுதத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். திகதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார்: ஒரு தாள் போதும். உறவை முழுதாக எழுதுங்கள், "அக்காவின் கணவர்" என்று. பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால், ஒப்பமிடுமுன் வரி வரியாகச் சொல்லிக் காட்டக் கேளுங்கள். பிழையை அங்கேயே வெட்டித் திருத்தச் சொல்லி, பக்கத்தில் சிற்றொப்பம் வையுங்கள். கையொப்பத்தின் கீழ் யார் மொழிபெயர்த்தார் என்று தமிழில் எழுதுங்கள். ஒருவரும் செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் வெளியே வராதீர்கள். "தமிழ் தெரிந்தவர் லீவு, நாளைக்கு வாங்க" என்றால் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கெஞ்ச வேண்டியதில்லை, கத்தவும் வேண்டியதில்லை.

கைதானவர்களுக்குச் சுருக்கமாக: காரணம் சொல்ல வேண்டும், சாதாரண வழக்கென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விளங்காத தாளில் ஒப்பம் வேண்டாம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த மாதத்தில் சேராது. ஆனால் பலர் முறைப்பாட்டு ரசீதை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருங்கள்.