பொட்டமோட்ரமஸ்: ஆற்று வலசை

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் பிரப்பன்வலசை என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. 'பொட்டமோட்ரமஸ்' (potamodromous) என்ற அறிவியல் சொல்லுக்கு நாம் தேடும் தமிழ்ச்சொல் அந்தப் பெயரின் பின்பாதியிலேயே கிடக்கிறது.

முட்டையிடவும் இரை தேடவும் பருவத்துக்குப் பருவம் பேராற்றுக்கும் கிளையாற்றுக்கும் இடையே போய்வரும், நன்னீரை விட்டு வெளியேறாத மீன்களைப் 'பொட்டமோட்ரமஸ்' என்கிறார்கள். அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் 1949இல் உருவாக்கிய சொல் இது. கிரேக்கத்தில் பொட்டமோஸ் என்றால் ஆறு, ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடந்த மெசப்பொட்டேமியாவின் பெயரிலும் அதே பொட்டமோஸ்தான். விலாங்கு இந்தக் கணக்கில் வராது. கண்மாயிலும் ஆற்றிலும் வளர்ந்தாலும், முட்டையிட அது கடலுக்கு இறங்கிவிடும்.

ரோகு என்ற கெண்டை மீன் நல்ல எடுத்துக்காட்டு. கங்கையில் மழைவெள்ளம் பெருகும்போது நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, கரை தாண்டிப் பரவிய ஆழமில்லாத தண்ணீரில் முட்டையிடும். நம் ஊர்க் கண்மாயில் குஞ்சாக விடும் ரோகு நன்றாகக் கொழுக்கும், ஆனால் இனம் பெருகாது. தேங்கிய நீரில் அந்த ஓட்டம் இல்லை. 1957இல் ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். இன்றும் குஞ்சு பொரிப்பகங்கள் ஹார்மோன் ஊசியைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரு வெள்ளம் செய்கிற வேலையை ஊசி செய்ய வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது, இந்தப் பயணம் மீனுக்கு எவ்வளவு தேவை என்பது புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இடப்பெயர்ச்சி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. போனதைச் சொல்கிறதே தவிர, திரும்பி வருவதைச் சொல்லவில்லை. 'வலசை' முதலில் படைக்கு அஞ்சி ஊரை விட்டுப் போவதைக் குறித்தது. அப்படிப் போனவர்கள் குடியமர்ந்த இடங்களுக்கும் அது பெயரானது. அப்புறம் பறவைகளுக்குச் சொல்லிச் சொல்லி, பருவம் பார்த்துப் போய்வருவது என்ற பொருள் ஊன்றிவிட்டது. அதனால் 'ஆற்று வலசை' என்பதே பொருத்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, புதுத்தண்ணீரை எதிர்த்து வரும் கெளுத்தியைப் பார்த்து "மீன் ஏறுது" என்பார்கள் இங்கே. அந்த வினையையும் விடக்கூடாது. மேலே போவதை 'ஏறு வலசை' என்றும், தண்ணீர் வடியும்போது திரும்புவதை 'இறங்கு வலசை' என்றும் பிரித்து எழுதலாம்.