ஜன்னலோரப் பூவும் சுவரில் தொங்கும் படமும்

வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் எதுவோ, பூ ஜாடியும் அங்கேதான் வரும். பிள்ளை வரைந்த படமும் அங்கேதான் வரும். நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் இரண்டுக்கும் அதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது. பூவை அங்கே வெப்பம் கெடுக்கிறது, படத்தை ஒளி கெடுக்கிறது. வாடத் தொடங்கிய பூவைப் பல நேரம் அன்றைக்கே மீட்டுவிடலாம். வெளுத்த படத்தை மீட்க யாராலும் முடியாது.

முதலில் பூ. செடியிலிருந்து வெட்டிய பிறகும் அது உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, இலையும் இதழும் நீராவியை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. வேர்தான் போய்விட்டதே, தண்ணீரை மேலே ஏற்றுவது யார்? மேலே இருக்கும் இலைகள்தான். இலையிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு ஆவியாகும்போது, அதைப் பற்றிக்கொண்டிருக்கும் அடுத்த மூலக்கூறு அந்த இடத்துக்கு நகர்கிறது. அது தனக்குக் கீழே உள்ளதை இழுக்கிறது. இப்படித் தண்டின் மெல்லிய குழாய்களுக்குள் நீர் அறுபடாத இழையாக மேலேறுகிறது. 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்ஸன், ஜான் ஜோலி என்ற இருவர் முன்வைத்த விளக்கம் இது. பெரிய மரங்களுக்கும் பொருந்துகிறது, ஒற்றை ரோஜாவுக்கும் பொருந்துகிறது.

‘அறுபடாத’ என்பதில்தான் சிக்கல். இழுவையில் இருக்கும் இழையைக் கத்தரித்தவுடன் நீர் உள்வாங்கிக்கொள்கிறது, பின்னாலேயே காற்று புகுந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்க முயன்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தலைகுனிவது இதனால்தான். தண்டின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மறுபடி வெட்டினால், காற்று அடைத்த பகுதி போய்விடும், புதிதாகக் காற்றும் புகாது. சரியான நேரத்தில் செய்தால், தொங்கிய பூ சில மணி நேரத்தில் நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாய்வாக வெட்டச் சொல்வதற்குக் காரணமும் எளிது: தட்டையாக வெட்டிய தண்டு ஜாடியின் அடியில் ஒட்டி உட்கார்ந்து தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. மூன்றாம் நாள் தண்டைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு பாக்டீரியாக் கூட்டமும் அது சுரக்கும் பசையும். அதே பசைதான் குழாய்களின் வாயையும் அடைக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிய இலைகள் அழுகி அதற்குத் தீனி போடுகின்றன. அவற்றை முதலிலேயே கிள்ளிவிட வேண்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, கண்ணாடியின் உட்புறத்தில் பசை அப்படியே இருக்கும். பூவோடு வரும் சிறு பொட்டலத்தில் பொதுவாகச் சர்க்கரை, அமிலம், கிருமிநாசினி என்று மூன்றும் இருக்கும்: சர்க்கரை பூவுக்கு உணவு, அமிலம் நீர் எளிதாக ஏற உதவுகிறது, கிருமிநாசினி பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துகிறது. சர்க்கரையை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. ஆஸ்பிரின், செப்புக் காசு போன்ற கைவைத்தியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது அவற்றைவிட மேல்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பூவின் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகிறது. ஜன்னலோரப் பூ சேமித்து வைத்த உணவை விரைவாகத் தீர்த்துவிட்டு முதுமையடைகிறது. பழத்தட்டின் பக்கத்தில் வைத்தால் இன்னொரு தொல்லை: பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது. தெருவிளக்கு எரிவாயு கசிந்த இடங்களில் மரங்கள் இலை உதிர்த்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். அந்த எரிவாயுவில் செடிகளைப் பாதிப்பது எத்திலீன்தான் என்று 1901-இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டியவர் ரஷ்யாவின் திமித்ரி நெல்யூபோவ். கார்னேஷன் பூவுக்கு இது பட்டால் இதழ்கள் உட்பக்கம் சுருண்டுவிடும். சாமந்தியும் ஜெர்பராவும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

வயதான சிவப்பு ரோஜாவை உற்றுப் பார்த்தால் இதழோரம் நீலம் கலந்த ஊதாவாக மாறியிருக்கும். ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் சிவப்பாகவும், அமிலம் குறையக் குறைய நீலம் நோக்கியும் நகரும். இதழ் செல்கள் முதுமையடையும்போது உள்ளே அமிலத்தன்மை குறைகிறது. பூவில் நிறம் மாறும் கதை இது. காகிதத்தில் நிறம் போகும் கதை வேறு.

வான்கோ 1890-இல் தீட்டிய ரோஜா ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அவை வெள்ளை ரோஜாக்கள் என்றே நினைப்பார்கள். தீட்டியபோது அவை இளஞ்சிவப்பு. அவர் பயன்படுத்திய சிவப்பு ஒளி தாங்காதது; மெல்ல மெல்ல வெளுத்து வெள்ளை மட்டும் மிஞ்சிவிட்டது. பெரிய ஓவியருக்கே இந்தக் கதி என்றால் ஸ்கெட்ச் பேனாவைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

நிறம் என்பது ஒரு மூலக்கூறு குறிப்பிட்ட அலைநீள ஒளியை விழுங்குவதால் வருவது. விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகக் கழிந்துவிடும். எப்போதாவது ஒருமுறை அது பிணைப்பை முறித்துவிடும், அல்லது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கும். அதன் பிறகு அந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. ஸ்கெட்ச் பேனாவின் மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக ஒளியின் முன் நிற்கிறது. கிரேயானில் மெழுகுக்குள் நிறமித் துகள்கள் இருக்கின்றன. துகளின் மேற்பரப்பு கெட்டாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். அதனால்தான் ஒரே படத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிய வானம் காணாமல் போய், கிரேயான் வீடு மட்டும் கெட்டியாக நிற்கும். பல சாயங்கள் கலந்த கறுப்பிலும் ஊதாவிலும் ஒரு சாயம் முந்திக்கொண்டு வெளுத்து, நிறமே மாறிவிடும். பளபளக்கும் ஃப்ளோரசன்ட் மைகள் இருப்பதிலேயே நோஞ்சான்கள்.

இங்கே ஒரு கணக்கு பார்க்க வேண்டும். ஒளியின் கேடு ஏறத்தாழ அதன் அளவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. அருங்காட்சியகங்களில் மென்மையான காகித ஓவியங்களுக்கு அனுமதிக்கும் ஒளி சுமார் 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது, வெயிலில் ஒரு மணி நேரம் என்பது அருங்காட்சியக ஒளியில் 2,000 மணி நேரம். அருங்காட்சியகம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால் அது 250 நாள். வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால் உண்மையான சேதம் இதைவிடக் கூடும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. எல்லாவற்றையும் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளுக்கப் போதும்.

சந்தேகம் இருந்தால் பிள்ளையையே சோதிக்கச் சொல்லலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் வீட்டிலுள்ள எல்லா நிறங்களிலும் கோடு போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் கண்ணாடியில் ஒட்டிவைத்துச் சில வாரம் கழித்துத் தாளை நீக்குங்கள். சாய ஆலைகளும் அருங்காட்சியகங்களும் வெளுக்கும் வேகத்தில் எட்டுப் படிகளாக வேறுபடும் நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து ஒளியை அளப்பதும் இதே முறையில்தான்.

ஆகவே உள்சுவர்தான் படத்துக்கு ஏற்ற இடம். மாதத்துக்கு ஒரு படம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் படத்துக்கும் ஒளிச்சுமை ஏறாது, பிள்ளைக்கும் அடுத்ததை வரைய ஒரு சாக்கு. நகலை மாட்டிவிட்டு அசலை உள்ளே வைக்கலாம் என்பார்கள். அதைவிட அசலை மாட்டி அளவாக வெளிச்சம் காட்டுவதே எனக்குப் பிடிக்கும். செலோ டேப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் பசை பழுத்து மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. மலிவான காகிதம் தானாகவே மஞ்சளாகும், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அப்படி. பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதப் பென்சில்தான் சரி: மை முன்பக்கம் ஊறலாம், பூ ஜாடியின் தண்ணீர் தெறித்தால் பரவும். பென்சில் கிராஃபைட் வெறும் கரி; தண்ணீரும் வெயிலும் அதன் நிறத்தைத் தொடுவதில்லை.