கை கழுவினீர்கள், போனை?

உணவுப் பாதுகாப்பு வகுப்புகளில் பல வருடங்களாக ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு பசை இருக்கிறது. அதைப் பச்சைக் கோழித் துண்டுகள் மேல் தடவி வைத்துவிடுவேன். வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் தன் போனில் ஒரு சமையல் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்ய வேண்டும். கோழியை வெட்ட வேண்டும், மசாலா தடவ வேண்டும், கை கழுவ வேண்டும், அப்புறம் பச்சையாகச் சாப்பிடும் காய்களை நறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடிப்பேன்.

கத்தி ஒளிரும், பலகை ஒளிரும். அதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. அடுத்து போன் மேல் வெளிச்சம் விழும்போதுதான் அறை அமைதியாகும். திரை முழுக்க விரல் தடங்கள். அதே ஒளி, நறுக்கி வைத்த காய்களின் மேலும் இருக்கும்.

இத்தனைக்கும் அவர் கையை நன்றாகவே கழுவியிருப்பார், சோப்புப் போட்டு, முழுதாக 20 விநாடி. சிக்கல் அதற்கு அடுத்த நொடியில்தான். கழுவிய கையோடு 'அடுத்து என்ன?' என்று பார்க்கப் போனைத் தொடுகிறார். கோழி ஒட்டிய விரலால் கொஞ்ச நேரம் முன்பு தள்ளிய அதே திரை அது. கழுவி விட்ட அழுக்கு அங்கேயிருந்து திரும்பக் கைக்கு வந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து விதிகளை வகுத்தது. முதல் இரண்டு, சுத்தமாக வைத்திருப்பதும் பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைப்பதும். கத்திக்கும் பலகைக்கும் இதைச் சொன்னால் எல்லோருக்கும் உடனே புரிகிறது. ஆனால் போனை யாரும் சமையலறைச் சாமானாக நினைப்பதில்லை, அதனால் அது கணக்கிலேயே வருவதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் நடத்திய ஆய்வில், சமைக்கும்போது போன், டேப்லெட் போன்றவற்றைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களில் அதைத் தொட்ட பிறகு கை கழுவியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு இதில் வியப்பில்லை. என் வகுப்புகளிலும் இதைத்தான் பார்க்கிறேன்.

பச்சைக் கோழியில் அதிகம் காணப்படும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி, உலர்ந்த இடத்தில் அதிக நேரம் தாங்காது. ஆனால் ஒரு சமையல் முடியும் நேரம் அதற்குப் போதும். சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே சிலருக்கு நோய் வந்துவிடும். சால்மோனெல்லா வேறு ரகம். காய்ந்த பரப்பிலும் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். சிறு குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீடுகளில் இதைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஒரு குறிப்பைப் பார்த்துச் சமைக்கையில் போனை எத்தனை முறை தொடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், கைவிரல்கள் போதாது. திரை அணைந்துவிடும், எழுப்ப வேண்டும். விளம்பரம் வரும், மூட வேண்டும். வீடியோ என்றால் நிறுத்தி, பின்னால் போய், திரும்ப ஓட விட வேண்டும். ஈரக் கையின் தொடுதல் திரைக்குச் சரியாகப் புரியாது என்பதால், பலரும் அவசரமாக விரலைத் துண்டிலோ உடுத்திய துணியிலோ துடைத்துவிட்டுத் தொடுவார்கள். இப்போது துண்டும் சேர்ந்துகொண்டது.

அச்சுப் புத்தகத்தில் இந்தத் தொல்லை குறைவு. விரித்து வைத்தால் பொருள்களும் செய்முறையும் ஒரே பார்வையில் தெரியும், தொடவே வேண்டியதில்லை. தாளைக் கழுவ முடியாது என்பது உண்மைதான். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதையும் பார்த்திருக்கிறேன், கோழி வெட்டிய விரலை நாக்கில் வைப்பது திரையைத் தொடுவதைவிட மோசம். ஆனாலும் நான் பெரிதாக நினைக்கும் வித்தியாசம் ஒன்று உண்டு. சமையல் முடிந்ததும் புத்தகம் சமையலறையிலேயே இருக்கும். போன் சாப்பாட்டு மேசைக்கு வரும், காதில் ஒட்டும், தலையணைக்கு அருகில் போகும், அழுகிற குழந்தையின் கைக்குப் போகும், அங்கிருந்து வாய்க்கும் போகும்.

புத்தகத்தில் அச்சானது எல்லாம் பாதுகாப்பானது என்றும் நம்பிவிட வேண்டாம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிகம் விற்ற 29 சமையல் புத்தகங்களை அலசி, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவின் உட்பகுதி எட்ட வேண்டிய வெப்பநிலையைக் குறிப்பிட்டிருக்க வேண்டிய 1,497 குறிப்புகளில், அதைச் சொன்னவை 123 மட்டுமே. அந்த 123-லும் சில சொன்ன வெப்பம் போதுமானதாக இல்லை. மற்றவை நிறத்தையும் நேரத்தையும் வைத்து வெந்ததை முடிவு செய்யச் சொல்கின்றன. இவை இரண்டுமே ஏமாற்றும். கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டதா என்று தெர்மாமீட்டர்தான் சொல்லும், குறிப்பு எதில் இருந்தாலும்.

போனை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, டைமர் இருக்கிறது, கேட்டால் வாய்விட்டு வாசிக்கிறது. நான் கேட்பதெல்லாம், கை அழுக்கான பிறகு அதைத் தொடாமல் இருக்க வழி செய்துகொள்ளுங்கள் என்பதுதான். கோழியை எடுக்கும் முன்பே குறிப்பை முழுதாக ஒரு தடவை படித்துவிடுங்கள். திரை அணையாமல் இருக்கும்படி செட்டிங்கில் மாற்றிவிட்டு, தொட்டியிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, கண் மட்டத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான போன்கள் 35 டிகிரி வரையிலான சூழலுக்குத்தான் செய்யப்பட்டவை, அடுப்படி அவற்றுக்கு ஆகாது. ஒளிபுகும் ஜிப் பைக்குள் போட்டாலும் திரை வேலை செய்யும், சமைத்து முடித்ததும் பையை எறிந்துவிடலாம். எனக்குப் பிடித்தது இதையெல்லாம்விட எளிது: அளவுகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவேன்.

எப்படியும் தொட்டுவிட்டால், அடுத்துத் தொடுவது சாப்பிடத் தயாரான பொருள் என்றால், முதலில் கை கழுவுங்கள். போனுக்குப் பிறகு கழுவல், கழுவலுக்குப் பிறகு காய்கறி. இந்த வரிசை மாறவே கூடாது.

போனைச் சுத்தம் செய்ய, அணைத்துவிட்டு, உறையைக் கழற்றி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உள்ள ஈரத் தாளால் துடைத்து, ஈரம் தானாகக் காயட்டும். நேராக எதையும் தெளிக்கக் கூடாது. பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். சிலிக்கான் உறையைச் சோப்பு நீரில் கழுவலாம். ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் போன்றவற்றிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. அதனால் துடைத்த போனும் கை கழுவுவதற்கு மாற்று ஆகாது.

வகுப்பின் இரண்டாவது சுற்றில் அதே ஆளைத் திரும்பச் சமைக்கச் சொல்வேன், இந்த முறை சீட்டை ஒட்டிவிட்டு, போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு. போன வாரம் அப்படிச் செய்த ஒரு பெண்ணின் போன் விளக்கடியில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. காய்களிலும் ஒளி இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஒருவர், "மேடம், குழாயைப் பாருங்க" என்றார். விளக்கைத் திருப்பினேன். கை கழுவத் திறந்த குழாயின் கைப்பிடி பளிச்சென்று ஒளிர்ந்தது.