சொல் விளக்கம்: சாலரி கேப் எக்செப்ஷன்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஓர் அணி 'சாலரி கேப்'பை, அதாவது ஒரு பருவத்தில் தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கான வரம்பை, தாண்டிவிட்டது என்பார்கள். அதே அணி மறுநாள் கோடிக்கணக்கான டாலருக்கு இன்னொரு ஒப்பந்தம் போடும். விதிமீறல் எதுவும் இல்லை. அதற்கு வழிவிடும் ஏற்பாட்டின் பெயர்தான் 'எக்செப்ஷன்'.

முதலில் 'கேப்'. பிற்கால லத்தீனில் 'கப்பா' என்றால் தலையை மூடும் துணி. ஆங்கிலத்தில் அது தொப்பியாகி, அப்புறம் 'இதற்கு மேல் போகக்கூடாது' என்ற பொருளையும் பெற்றது. தமிழில் தொப்பியைத் தேட வேண்டாம். நில உச்சவரம்புச் சட்டம் அந்தச் சொல்லை நம் காதில் எப்போதோ போட்டுவிட்டது. 'ஊதிய உச்சவரம்பு' என்றால் எவருக்கும் புரியும்.

வரம்பு என்பது வயல் வரப்பும்தான். என்பிஏ விதியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. வரப்பை உடைத்தால் குற்றம். வரப்பில் மடை வைத்து நீரை விட்டால் அது முறை. என்பிஏ 1984-85 பருவத்தில் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டியபோதே மடையையும் வைத்துத்தான் கட்டியது. 2025-26 பருவத்தில் அந்த வரம்பு சுமார் 15 கோடியே 46 லட்சம் டாலர். மடைகளும் பெருகிவிட்டன.

'எக்செப்ஷன்' லத்தீன் வேர்ப்படி 'வெளியே எடுத்து வைத்தது'. நம் 'விலக்கு' அதே வேலையைச் செய்கிறது. இலக்கணத்தில் 'புறனடை' என்ற அழகான சொல் உண்டு. ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் அது படிப்பவரை நிறுத்திவிடும். விலக்கே போதும்.

விலக்குகளில் மூத்தது, பாஸ்டன் செல்டிக்ஸ் நட்சத்திரம் லேரி பேர்டின் பெயரால் வழங்குவது. ஓர் அணி தன் சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். அவருக்குரிய உச்ச ஊதியம்வரை கொடுக்கலாம். அந்த வீரரை அணி கழற்றிவிட்டிருக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து அவராக அணி மாறியிருக்கவும் கூடாது. இப்படி 3 பருவங்கள் கடந்திருக்க வேண்டும். இடையில் 'டிரேட்' முறையில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டால் கணக்கு அறுபடாது. உரிமையும் அவரோடு புதிய அணிக்குப் போகும். தன் அணி 5 ஆண்டு ஒப்பந்தம் தரலாம், வெளி அணி 4 ஆண்டுதான். ஊர் கொண்டாடும் வீரர் பணக்கணக்கால் மட்டும் கைவிட்டுப் போகக்கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது. எல்லா விதிகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 'பேர்ட்' என்பதைப் 'பறவை விலக்கு' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அது ஆள் பெயர். 'சொந்த வீரர் விலக்கு' என்று பொருளைச் சொல்லலாம்.

'மிட்-லெவல் எக்செப்ஷன்' வெளி வீரரை எடுப்பதற்கானது. 'நடுநிலை' என்று எழுதினால் நடுவரின் நேர்மை நினைவுக்கு வரும். 'இடைநிலை விலக்கு' சரி. 2025-26இல் இதன் முழு அளவு சுமார் 1 கோடியே 41 லட்சம் டாலர். செலவு கூடக் கூட இந்த மடை குறுகும். உச்சவரம்புக்கு மேலே 'செகண்ட் ஏப்ரன்' என்று இன்னொரு கோடு இருக்கிறது, 2025-26இல் அது சுமார் 20 கோடியே 78 லட்சம் டாலர். அதைத் தாண்டிய அணிக்கு இடைநிலை விலக்கே கிடையாது. சொந்த வீரர் விலக்கு மட்டும் அப்போதும் திறந்தே இருக்கும்.