வெக்னரையும் விஜயநகரத்தையும் ஒரே மாதிரி தப்பாகப் படிக்கிறார்கள்

வேலூரில் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்குப் புவியியலும் வரலாறும் நடத்துகிறேன். மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தால் மார்க் போகிற இடம், படிக்காமல் விட்ட பாடத்தில் இல்லை. "இது நல்லாத் தெரியும் சார்" என்று சொல்கிற பாடத்தில்தான் போகிறது, அதிலும் கூற்று - காரணம் வகைக் கேள்விகளில்.

ஒரு கேள்வியைப் பாருங்கள், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிறகு விலகிப் போயின என்று சொன்ன ஜெர்மானிய அறிஞர் வெக்னரைப் பற்றியது. கூற்று: வெக்னரின் கண்ட நகர்வுக் கொள்கையை அவர் காலத்து அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. காரணம்: தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இரண்டுமே சரி, ஆனால் இரண்டாவது முதலாவதற்கு விளக்கமே இல்லை, அது வெக்னருக்குச் சாதகமான சான்று. இருந்தும் வகுப்பில் பாதிப் பேர் 'சரியான விளக்கம்' என்றுதான் குறிக்கிறார்கள், ஏனென்றால் இரண்டு வரியும் நோட்ஸில் அடுத்தடுத்து இருந்தவை.

வெக்னர் 1912-இல் சொன்னதை ஏன் தள்ளி வைத்தார்கள்? கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு அவரிடம் சான்று நிறையவே இருந்தது. குளோசாப்டெரிஸ் என்ற ஒரே தாவரத்தின் புதைபடிவம் இந்தியாவிலும் கிடைக்கிறது, ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. ஆனால் கண்டத்தைத் தள்ளியது எது என்று கேட்டபோது, பூமி சுழல்வதால் வரும் விசை, சூரியனும் சந்திரனும் இழுக்கும் ஓத விசை என்றார். அவை ஒரு கண்டத்தை அசைக்கப் போதவே போதாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆர்தர் ஹோம்ஸ் பூமிக்குள் நடக்கும் வெப்பச்சலனத்தை, அதாவது சூடானது மேலே ஏறி ஆறியது கீழே இறங்கும் சுழற்சியைக் கொண்டுவந்தார். அதற்குக் கடலடியில் சான்று தேட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் கேப்டனாக இருந்த ஹாரி ஹெஸ், எதிரொலிக் கருவியை ஓடவிட்டுக் கடல் ஆழத்தைப் பதிவு செய்துகொண்டே போனவர் (போருக்கு நடுவிலும் மனுஷனுக்கு அதே நினைப்பு!). 1962-இல் கடல்தளம் விரிவடைகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டே வைன், மேத்யூஸ் இருவரும் கடலடிப் பாறையின் காந்த வரிகளை (காந்தத் திசை மாறி மாறி எதிரெதிராக இருக்கும் பட்டைகள்) காட்டி அதற்கு வலு சேர்த்தார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூமியின் மேலோடு நகரும் தட்டுகளாக இருக்கிறது என்ற புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றுவிட்டது. ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் என்று பிடித்துக்கொண்டால் காலவரிசை தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விஜயநகரத்திலும் இதே கதைதான். சங்கம, சாளுவ, துளுவ, அரவீடு என்று நாலு வம்சத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பேரரசு தொடங்கிய 1336, தக்காண சுல்தான்களிடம் தலைக்கோட்டைப் போரில் தோற்ற 1565 எல்லாம் நுனி நாக்கில் இருக்கும். சரி, அந்தப் போர் நடந்தபோது அரியணையில் இருந்தவர் யார் என்று கேட்டால் ராமராயர் என்று பதில் வரும். அரசர் சதாசிவ ராயர், அதிகாரம்தான் ராமராயர் கையில். இந்த ஒன்று புரிந்தால் அரவீடு வம்சம் எப்படி வந்தது என்பதும் புரியும்: போரில் ராமராயர் கொல்லப்பட்டார், தம்பி திருமலர் சதாசிவ ராயரையும் அழைத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார், சில ஆண்டுகளில் தானே அரசரானார்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இன்னொரு கேள்வியில். '1565-உடன் விஜயநகரப் பேரரசு முடிந்துபோனது' என்பதைச் சரி என்று குறித்துவிட்டு வருகிறார்கள். வேலூர்க்காரர்களே இப்படிக் குறித்தால் எப்படி? பெனுகொண்டாவுக்குப் பின் சந்திரகிரி, அதற்குப் பின் தலைநகரம் நம் ஊர்தான். மாலையில் அகழி ஓரம் காற்று வாங்கப் போகிறவர்கள் ஒருநாள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குள் நின்று, முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரையையும் யாளியையும் தூண்களில் பாருங்கள். விஜயநகரக் கலைப்பாணி பற்றி நோட்ஸில் உள்ள நாலு வரி அங்கே கல்லில் இருக்கிறது. கோட்டையைச் சுற்றித் தெரிகிற மொட்டை மலைகளின் பாறை 200 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது, ஆனால் இன்றைய பெருங்கடல்களின் தரை பெரும்பாலும் 20 கோடி ஆண்டைத் தாண்டாது. ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தால் ஹெஸ் சொன்னது தானாக விளங்கும்: கடல்தரை ஒரு பக்கம் புதிதாக உருவாகிறது, மறுபக்கம் உள்ளே போய் அழிகிறது.

பகலில் ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ கம்பெனி வேலை, ராத்திரி ரெண்டு மணி நேரம் படிப்பு என்று இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் வாட்ஸ்அப்பில் வரும் 'ஒரே பக்கத்தில் விஜயநகரம்' வகையறாக்களை முதலில் அழித்துவிடச் சொல்கிறேன். அதில் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், ஏன் என்பது மட்டும் இருக்காது, ஆண்டிலும் பிழை இருக்கும். பள்ளிப் பாடநூலில் அந்தப் பாடத்தை ஒருமுறை கதை மாதிரி படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

அப்புறம், படைவீட்டை விட்டுவிடாதீர்கள். ஆரணிப் பக்கம் இருக்கும் அந்த ஊரிலிருந்து ஆண்ட சம்புவராயரை வென்றபிறகுதான் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தானை நோக்கிப் போனார். அவர் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விஜயம் எதைப் பற்றியது என்று கேட்பவர்கள், அதற்கு முந்தைய இந்தப் போரையும் கேட்கலாம்.