மசாஜ் சிகிச்சையாளர்மீது முறைப்பாடு கொடுக்குமுன் பற்றுச்சீட்டில் உள்ள பதிவு எண் யாருடையது என்று பாருங்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் ஓர் அக்கா என் சமையலறை மேசையில் மூன்று மசாஜ் பற்றுச்சீட்டுகளைப் பரப்பி வைத்தார். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே பதிவு எண். "இந்த ஆளை நான் கண்டதே இல்லை, தம்பி" என்றார். முதுகு பிடித்துவிட்டவர் வேறொருவர். அவருடைய கை போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. கிளினிக் முகாமையாளரோ "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார்.

ஒன்ராறியோ மாகாணத்தில் மசாஜ் சிகிச்சையாளர்களுக்குப் பதிவு கொடுப்பதும் பறிப்பதும் அவர்களுக்கான 'கொலிஜ்'. பெயரைக் கேட்டுப் பள்ளிக்கூடம் என்று நினைக்க வேண்டாம், இது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. 1991ஆம் ஆண்டுச் சட்டங்கள் தந்த அதிகாரம் அது.

சிக்கல் என்னவென்றால், கொலிஜின் ஒழுக்க விசாரணை பதிவு பெற்றவர்களுக்கு மட்டும்தான். ரொறன்ரோ நகரசபையின் அனுமதியோடு நடக்கும் ஹோலிஸ்ரிக் (மாற்றுச் சிகிச்சை) நிலையங்களில் கைவைப்பவர் ஆர்.எம்.ரி., அதாவது கொலிஜில் பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சையாளர், ஆக இருக்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் சான்றிதழை நம்பாதீர்கள். கொலிஜின் இணையத்தளத்தில் பதிவேடு இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவர்மீது ஒழுக்க விசாரணை நிலுவையில் இருந்தால் அதிலேயே தெரியும். அக்காவின் விடயத்தில் எண்ணை இரவல் கொடுத்தவர்மீது கொலிஜுக்கும், தொட்டவர்மீது பொலிஸுக்கும் என இரண்டு கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

தொலைபேசியில் அழுதது முறைப்பாடு ஆகாது. எழுத்தில் அல்லது ஒலி, ஒளிப்பதிவில் இருக்க வேண்டும். பெயரை மறைக்கவும் முடியாது. நீங்கள் எழுதியது அந்தச் சிகிச்சையாளரின் கைக்குப் போகும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பாதி வழியில் பின்வாங்கியவர்களை நான் அறிவேன்.

எழுதுமுன் கிளினிக்கில் உங்கள் சிகிச்சைக் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். மார்பு, உட்தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் சிகிச்சை செய்வதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கோப்பில் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அதையே முறைப்பாட்டின் முதல் வரியாக எழுதுங்கள். பாலியல் துஷ்பிரயோகத்தில் "அவரும் சம்மதித்தார்" என்ற வாதம் எடுபடாது. இந்த விதிக்கு, கடைசிச் சிகிச்சைக்குப் பின்னும் ஓராண்டுக்கு நீங்கள் அவருடைய நோயாளிதான்.

முறைப்பாட்டைக் கொலிஜ் 150 நாளில் விசாரித்து முடிக்க வேண்டுமாம். முடியாவிட்டால் தாமதத்துக்கு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். "மேல் நடவடிக்கை இல்லை" என்று முடிவு வந்தால் மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு இருப்பது 30 நாள்தான். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, மகன் வந்து வாசிக்கட்டும் என்று அலுமாரியில் வைத்தே அந்த நாட்களைத் தவறவிடுகிறார்கள்.

கொடுத்த காசைக் கொலிஜ் வாங்கித் தராது. சிகிச்சையாளருக்கு 35,000 டொலர் வரை அபராதம் போடலாம். அது மாகாணத் திறைசேரிக்கு. பாலியல் துஷ்பிரயோகம் என்றால் உளவள ஆலோசனைச் செலவுக்கு உதவி உண்டு. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முறைப்பாடு கொடுக்கும்போதே விண்ணப்பத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. "சப்பாத்து எடுங்கள், மசாஜ் என்று எழுதித் தருகிறோம்" என்று ஒரு கிளினிக் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது பற்றுச்சீட்டு எழுதும் சிகிச்சையாளருக்குத் தொழில் ஒழுக்கக்கேடு. உங்களுக்கு காப்புறுதி மோசடி. வேலையிடம் தந்த காப்புறுதி என்றால் இதில் வேலையே போகலாம்.